கொல்லைப்புறத்தில் நாலு புகையிலைச் செடி

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், தஞ்சை மாவட்ட எல்லையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கட்டுமாவடி. ஊர்ப் பெயரைச் சொன்னால் மீன் மார்க்கெட்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மீன் வண்டிகளின் சத்தம் எட்டாத தென்னந்தோப்புகளுக்கு நடுவே வீட்டுத் தோட்டங்களும் உண்டு. அப்படி ஒரு ஐந்து சென்ட் கொல்லையில் கத்தரி, தக்காளி, மிளகாய், கொத்தவரை, கீரை என்று வீட்டுத் தேவைக்குப் பயிர் செய்து வருகிறார் ஒரு குடும்பத் தலைவி. கணவர் மீன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் வெற்றிலை போடும் மாமியார், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன். கஜா புயலில் தென்னை விழுந்து வெட்டவெளியான இடம்தான் இன்றைக்குக் காய்கறித் தோட்டம்.

இந்தத் தோட்டத்தில் மூன்று வருடங்களாகப் புகையிலையும் வளர்கிறது. காரணம் அசுவினி. மிளகாயிலும் கொத்தவரையிலும் கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும் அசுவினிக்குப் புகையிலைக் கரைசல் கேட்கும் என்று யாரோ சொல்ல, கடையில் புகையிலை வாங்கிப் பார்த்தார். விலை கட்டுப்படியாகவில்லை. "மாமியாருக்கு வாங்குறதே பாரமா இருக்கு, இதுல செடிக்கு வேற வாங்கணுமா? நம்மளே நாலு செடி வச்சா என்னன்னு தோணுச்சு" என்கிறார்.

நாலு செடி வைப்பது கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் முதல் வருடம் ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாம் வருடம் செடி வளர்ந்தது, தக்காளி கெட்டது. மூன்றாம் வருடம் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. 'வீட்டில் புகையிலை வளர்க்கலாமா?' என்று கேட்கும் வாசகர்கள் பலர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி இந்தக் கொல்லையிலேயே கிடைக்கிறது.

முதல் வருடம் நடந்தது இது. ஐப்பசியில் பாத்தி கட்டி, கீரை விதைப்பதுபோல் தூவி, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார். புகையிலை விதை எவ்வளவு சிறியது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கிராமில் ஏறக்குறைய 12,000 விதைகள் இருக்கும். கடுகு இதன் பக்கத்தில் பூசணி விதை மாதிரி. இவ்வளவு சின்ன விதைக்குள் இருக்கும் சத்து மிகக் கொஞ்சம். ஆழத்தில் விழுந்தால் முளை மேலே வருவதற்குள் அந்தச் சத்து தீர்ந்துவிடும். தவிர, இது வெளிச்சம் பட்டு முளைக்கும் விதை. மண்ணுக்குள் புதைத்தால் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். மண்மேல் கிடந்து தப்பிய விதையை ஐப்பசி அடைமழை அடித்துக்கொண்டு போயிருக்கும், மிச்சத்தை எறும்பு இழுத்திருக்கும். விதை மீது பழி போட்டுப் பயனில்லை.

கடற்கரை மணலில் புகையிலை என்பது புதிய யோசனையும் அல்ல. கட்டுமாவடியிலிருந்து கடலோரமாகவே மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று போனால் வேதாரண்யம் வந்துவிடும். வெற்றிலை போடும் தமிழ்நாட்டுக்கு வேதாரண்யம் புகையிலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே மணலில் குழி தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், கடலோர மணலுக்குள் உப்புநீரின் மேல் ஒரு படலமாக அது மிதந்து நிற்கிறது. ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். மேலோட்டமாக ஊற்று தோண்டிக் குடத்தில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றினால் வருடம் முழுக்க இனிப்பாக இருக்கும். வேதாரண்யத்துப் பழைய விவசாயிகள் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டதால்தான் அந்த மணலில் பயிர் நின்றது. கட்டுமாவடி, மணமேல்குடி பகுதியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் புகையிலையை மறந்தாலும் இந்தத் தண்ணீர்ப் பாடத்தை மறக்கக் கூடாது.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். கிணற்று நீர் இறைத்து, குழை புதைத்து, கால்நடைப் பட்டி அடைத்து வளர்த்த யாழ்ப்பாணப் புகையிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் போனது. பல யாழ்ப்பாணக் கல்வீடுகளுக்கு அஸ்திவாரம் புகையிலைக் காசுதான். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த இந்தப் பயிர் இங்கே காலூன்றி நானூறு வருடம் இருக்கும். அதற்குள் புகையிலையைத் தூதனுப்பிச் 'புகையிலை விடு தூது' என்று சீனிச்சர்க்கரைப் புலவர் பாடும் அளவுக்கு அது நம் வீட்டுப் பொருளாகிவிட்டது. அந்த நூலை உ.வே.சாமிநாதையர் தேடியெடுத்து 1939இல் பதிப்பித்தார்.

தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலையின் பெரிய பரப்பு திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பக்கம். மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் என்று முன்பு அழைக்கப்பட்ட நிறுவனத்தின் கிளை நிலையம் 1948 முதல் வேடசந்தூரில் இயங்கி வருகிறது. பாக்கியலட்சுமி, மீனாட்சி, அபிராமி போன்ற ரகங்கள் அங்கே உருவானவை. நம்பகமான விதைக்கு முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வேடசந்தூர்ப் பகுதிக் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். மெல்லும் ரகங்கள் ஓரளவு உப்பைத் தாங்கும். சிகரெட்டுக்கான வர்ஜீனியா ரகம் தாங்காது, குளோரைடு ஏறிய இலை சரியாக எரியாது. ஆகவே கடலோரக் கொல்லையில் நட நினைப்பவர்கள் நாட்டு மெல்லும் ரகங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சட்டமும் அதற்குத்தான் வசதி. வர்ஜீனியா புகையிலை 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த புகையிலை வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பதிவு செய்யாமல் அதைப் பயிரிட முடியாது. நாட்டுப் புகையிலைக்கு அந்தப் பதிவு இல்லை.

விற்பனை வேறு கதை. குட்கா, பான் மசாலா, புகையிலை கலந்த மெல்லும் பொருள்களை விற்கத் தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்தது. மத்தியச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. கொல்லையில் காய்ந்த இலையை அக்கம்பக்கத்துக்குக் காசுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் வருடம் அந்த அம்மாள் செய்த முறையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். மண்ணும் மழையும் இதேபோல் உள்ள கடலோர ஊர் எதற்கும் அது பொருந்தும்.

ஐப்பசியை விட்டுவிட்டுக் கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்த பிறகு நாற்று விட்டார். மழை பின்தங்கினால் நாற்றும் பின்தங்க வேண்டியதுதான், அவசரப்படுவதில் லாபமில்லை. நாலு செடிக்கு ஒரு சதுர மீட்டர் பாத்தியே அதிகம். பழைய மீன் பெட்டி ஒன்றில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண், மணல், நன்றாக மக்கிய சலித்த எரு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பினார். மீன் பெட்டியை உப்புப் போக நாலைந்து முறை கழுவி வெயிலில் காயப்போட்டது முக்கியம். பாத்தியிலேயே விடுகிறவர்கள் தரையிலிருந்து அரை அடி உயர்த்திக் கட்ட வேண்டும். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வரும், வந்தால் ஒரே இரவில் தண்டின் அடி வெந்ததுபோல் ஆகி நாற்று சாய்ந்துவிடும். விதைக்கும் முன் பாத்தியின் மேல் காய்ந்த சருகு, வைக்கோல், பாளை போட்டு எரிப்பது புகையிலைக்காரர்களின் பழைய வழக்கம். மேல் மண்ணில் உள்ள பூஞ்சாணமும் களை விதையும் வெந்துபோகும், சாம்பலும் சேரும். பெட்டி மண்ணை வறுத்தெடுத்தாலும் சரி. இதையும் மீறி அழுகல் தெரிந்தால் ஒரு சத போர்டோ கலவை ஊற்றலாம்.

விதை ஒரு சிட்டிகை போதும். ஒரு சதுர மீட்டருக்கு அரை கிராமுக்கு மேல் வேண்டாம். ஒரு கை நைஸ் மணலோடு விதையைக் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் சீராக விழும். மேலே மண் போடக் கூடாது. உள்ளங்கையால் மெல்ல அமுக்கிவிட்டால் போதும். அதன்மேல் ஈரம் காக்க வைக்கோலை வெளிச்சம் இறங்கும்படி இலேசாகப் பரப்ப வேண்டும். பூவாளியில், அதுவும் மெல்லிய துளையுள்ள பூவாளியில், ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த அம்மாளிடம் பூவாளி இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக்கொண்டார். பெட்டியின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தி எறும்பைத் தடுத்தார். இதை எந்தச் சிபாரிசு நூலிலும் பார்க்க முடியாது, ஆனால் இதைவிட நல்ல வழியும் இல்லை.

ஒரு வாரம் பத்து நாளில் பச்சைத் தூசி படிந்ததுபோல் முளை தெரியும். அப்போது வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும். நெருக்கமாக இருந்தால் இரக்கம் பார்க்காமல் களைத்துவிட வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முளைத்ததெல்லாம் வேண்டும் என்று விட்டால் எல்லாமே வெளுத்து நீண்டு நிற்கும். ஆறேழு வாரத்தில், நாலைந்து இலை விட்டு, தண்டு பென்சில் கனத்துக்கு வரும்போது நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து நாற்றைக் கெட்டிப்படுத்த வேண்டும்.

தை முடிவதற்குள் நட்டாயிற்று. இடைவெளி செடிக்குச் செடி இரண்டரை அடி. ஒரு முழக் குழியில் இரண்டு கிலோ மக்கிய எருவும் ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கும். மணல் நிலம் என்பதால் பிண்ணாக்கை ஒரேயடியாகப் போடாமல் மூன்று வாரம் கழித்து இன்னொரு கைப்பிடி வைத்தார். கடலோரக் காற்று நாற்றை அடியோடு அசைக்கும். தென்னை மட்டையைக் காற்றுப் பக்கம் சாய்த்து நட்டு மறைப்புக் கட்டியது உதவியது. உப்புக் காற்றில் இலை விளிம்பு கருகாமல் இருக்கவும் அது தேவை.

இடத்தேர்வில் ஒரு விதியை மீறவே கூடாது. புகையிலை கத்தரிக் குடும்பத்துப் பயிர். கத்தரி, தக்காளி, மிளகாய் நின்ற இடத்தில் நட்டால் மணல் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு காத்துக்கொண்டிருக்கும். வெண்டை நின்ற இடமும் ஆகாது. செண்டுமல்லி அல்லது சோளம் நின்ற இடம் பரவாயில்லை. வேரோரம் மண்ணைப் பிளந்துகொண்டு, பச்சையே இல்லாமல், வெளிறிய தண்டில் பூப்பூத்து ஒன்று வந்தால் அது புகையிலைக் காளான். பெயர்தான் காளான், உண்மையில் வேரை உறிஞ்சும் ஒட்டுண்ணிச் செடி. விதை விழுமுன் பிடுங்கி எரிக்க வேண்டும். விதை விழுந்துவிட்டால் பல வருடம் மண்ணிலேயே கிடக்கும்.

இலையைத் தின்னும் புழுவுக்குப் பெயரே புகையிலைப் புழு. மற்றப் பூச்சியைக் கொல்லும் நஞ்சைத் தின்று கொழுக்கும் பிறவி அது. தோட்டத்து ஓரத்தில் இரண்டு ஆமணக்கு வைத்தால் தாய்ப்பூச்சி அதில் முட்டைக் குவியல் இடும். இலையோடு கிள்ளி நசுக்கிவிடலாம். நாலு செடிக்கு இதற்குமேல் வைத்தியம் தேவையில்லை.

நட்டு இரண்டு மாதத்தில் மொட்டு வைக்கும். எட்டிலிருந்து பத்து நல்ல இலை நிறுத்தி நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் பக்கக் கிளை கிளம்பும். வாரம் ஒருமுறை அவற்றையும் ஒடித்தாக வேண்டும். இலை கனக்கவும் நிக்கோட்டின் ஏறவும் இதுதான் வழி. நிக்கோட்டின் இலையில் தயாராவதில்லை, வேரில் தயாராகி இலைக்கு ஏறுகிறது. புகையிலை வேர்ச்செடியின் மேல் தக்காளியை ஒட்டுக் கட்டினால் தக்காளி இலையிலும் நிக்கோட்டின் சேரும். வேடிக்கை என்னவென்றால் அவ்வளவு நஞ்சுள்ள செடியின் விதையில் நிக்கோட்டின் இல்லை என்றே சொல்லலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான்.

நாலு செடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நன்றாக வளர்ந்த செடியில் சுமார் 150 கிராம் காய்ந்த இலை கிடைக்கும். நாலு செடிக்கு 600 கிராம். பரிந்துரைக்கப்பட்ட புகையிலைக் கஷாயத்துக்கு ஒரு தடவைக்கு அரை கிலோ இலை, நாலரை லிட்டர் தண்ணீர், 120 கிராம் பார் சோப்பு வேண்டும். இதை ஆறு ஏழு மடங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்தால் மூன்று டேங்க் வரும். ஐந்து சென்ட் கொல்லைக்கு இதுவே தாராளம். நாற்பது செடி வைப்பவர் வேறு ஏதோ நினைப்பில் வைக்கிறார் என்று பொருள்.

இரண்டாம் வருடம் தக்காளி கெட்டது இந்தக் கஷாயத்தால்தான். அந்த அம்மாள் இலையை 24 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, மிளகாய்க்கும் தக்காளிக்கும் சேர்த்து அடித்தார். அசுவினி விழுந்தது. மூன்று வாரத்தில் தக்காளிக் கொழுந்தில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் தேமல் தெரிந்தது, இலை சுருங்கியது, பூ உதிர்ந்தது. இரும்புச்சத்துக் குறை என்று நினைத்து மேலும் எரு வைத்தார். அது சத்துக்குறை அல்ல, புகையிலைத் தேமல் வைரஸ். உலகில் முதன்முதலில் கண்டறியப்பட்ட வைரஸே இதுதான். 1892இல் ருஷ்யாவில் இவனோவ்ஸ்கி, 1898இல் ஹாலந்தில் பெய்ஜெரிங்க் இருவரும் புகையிலைச் சாற்றை வைத்துத்தான் இதைக் கண்டார்கள். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியில் வடித்த சாறும் நோயைப் பரப்பியது. காய்ந்த இலையில் பல வருடம் உயிரோடு இருக்கக்கூடியது. பூச்சியைவிட மனிதக் கையும் கத்தியும் துணியும்தான் இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. துணியால் வடிகட்டிய நீருக்கு அது எம்மாத்திரம்?

ஆனால் கொதிக்கும் சூட்டில் அது சாகும். 93 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தாலே வீரியம் போய்விடும். ஆகவே ஊறவைக்கும் முறையை விட்டுவிட்டு, அரை மணி நேரம் கொதிக்க வைக்கும் முறையைத்தான் பிடிக்க வேண்டும். திறந்த வெளியில், காற்று நம் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி அடுப்பை வைத்து, இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் கொதிக்கவிட வேண்டும். அந்தப் பாத்திரம் பிறகு சமையல்கட்டுக்குள் நுழையக் கூடாது. சோப்பைத் தனியாகக் கரைத்து, கஷாயம் ஆறி வடிகட்டிய பிறகு சேர்க்க வேண்டும். அப்படியும் தக்காளி, மிளகாய், கத்தரிக்கு இதை அடிக்காமல் இருப்பதே புத்தி. அவரை, கொத்தவரை, பருத்திக்கு அடிக்கலாம். கீரைக்கு எக்காரணம் கொண்டும் கூடாது. காய்க்கு அடித்தால் குறைந்தது ஒரு வாரம் பறிக்கக் கூடாது. தேனீ வரும் காலை நேரத்தைத் தவிர்த்து மாலையில் அடிக்க வேண்டும்.

வெற்றிலை போடுகிறவர், பீடி குடிக்கிறவர் தக்காளி நாற்றைத் தொடுவதாலும் இந்தத் தேமல் வரலாம். நாற்றுப் பிடுங்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அல்லது பாலில் கை நனைத்துக்கொண்டு நாற்றைத் தொட வேண்டும். பாலிலுள்ள புரதம் வைரஸைக் கட்டிப்போடுகிறது. அந்தத் தோட்டத்தில் தக்காளி நாற்று நட்டவர் மாமியார். "நாந்தான் குத்தவாளியா?" என்று அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருடம், பங்குனியில் ஒரு காலை. பனி நன்றாக இறங்கியிருந்தது. பள்ளி விடுமுறை என்பதால், இலை பறிக்கப் பையனையும் சேர்த்துக்கொண்டார். நாலு செடிதானே, அரை மணி நேர வேலை. சட்டையில்லாமல், ஈர இலைகளை மார்போடு அணைத்துக்கொண்டுபோய்த் திண்ணையில் அடுக்கினான் பையன். ஒன்பது மணிக்குத் தலை சுற்றுகிறது என்றான். பிறகு வாந்தி, வியர்வை, முகமெல்லாம் வெளுப்பு. "வெயிலுன்னு நெனச்சேன். மோர் குடுத்தேன், அதையும் கக்கிட்டான். வண்டியில போட்டுக்கிட்டு ஓடுனோம்" என்கிறார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டான் என்பது. பையன் கையிலிருந்த பச்சைக் கறையைப் பார்த்து மாமியார்தான் "பொகையில பறிச்சான்யா" என்று சொல்லியிருக்கிறார். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் சரியாகிவிட்டது.

புகையிலை பறிக்கும் தொழிலாளர்களுக்கு உலகெங்கும் வரும் பாதிப்பு இது. பச்சைப் புகையிலை நோய் என்கிறார்கள். நிக்கோட்டின் தண்ணீரில் கரையும், தோல் வழியே உடம்புக்குள் இறங்கும். பனியிலும் மழையிலும் நனைந்த இலை என்றால் கரைசலையே உடம்பில் பூசிக்கொண்ட மாதிரி. சின்ன உடம்புக்குச் சின்ன அளவே போதும். புகையிலை போட்டுப் பழகியவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மாமியார் முப்பது வருடமாகத் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு பறிக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் இந்தச் செடிப் பக்கமே வர வேண்டாம். முடிந்ததும் குளித்து உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். வாந்தி, தலைசுற்றல் வந்தால் முதலில் நனைந்த உடுப்பைக் களைந்து தோலைக் கழுவ வேண்டும், பிறகு மருத்துவமனை. அங்கே 'புகையிலை பறித்தோம்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும். காய்ந்த தண்டை மாட்டுத் தீவனத்துப் பக்கம் போடக் கூடாது. கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை என்னவென்று சொல்வது! நிறமும் ஏறக்குறைய அதேதான். குடித்தால் பிழைப்பது கஷ்டம்.

'இயற்கைப் பொருள்தானே' என்ற பேச்சை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அக்னி அஸ்திரத்தில் பச்சை மிளகாய், பூண்டு, வேப்பிலையோடு புகையிலையும் சேர்கிறது. அதனாலேயே அது சாதுவான சரக்கு ஆகிவிடாது. நிக்கோட்டின் சல்பேட்டை உள்நாட்டில் பயன்படுத்த இந்தியா தடை விதித்திருக்கிறது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் புகையிலைத் தூள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதிக்கென்று சான்று வாங்கியவர்கள் அடிக்குமுன் சான்றளிப்பு நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அசுவினிக்கு முதல் மருந்தாக இருக்க வேண்டியது ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு. அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டி, பத்து லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடித்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மீதிக்குப் பொறி வண்டு இருக்கிறது. புகையிலைக் கஷாயம் அடித்தால் அந்த வண்டும் சேர்ந்து சாகும். வேம்பு கேட்காதபோது, வருடத்துக்கு ஒரு முறை கையிலெடுக்கலாம் என்ற அளவில்தான் புகையிலையை வைக்க முடியும்.

மாமியார் விஷயம் மிச்சம் இருக்கிறது. செடி வளர்ந்த முதல் கோடையில், காயப்போட்ட இலைகளில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைப் புகையிலை மாதிரி பதப்படுத்தாத இலை. இருந்தாலும் காசில்லாமல் கிடைக்கிறதே! அடுத்த சில மாதத்தில் அவர் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. சோறு காரமாக இருந்தால் எரிகிறது என்றார். பல் மருத்துவரிடம் காட்டியபோது, புற்றுக்கு முந்தைய நிலையாக மாறக்கூடிய திட்டு, இன்றோடு புகையிலையை விட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். புகையிலை மெல்லும் இடத்தில் வரும் இத்தகைய திட்டு வலிக்காமலேயே இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எதைக் கண்டாலும் காட்டிவிட வேண்டும். மருமகளுக்கு அதில் குற்ற உணர்ச்சி உண்டு. "பூச்சிக்குன்னு வச்சேன், வீட்டாளுக்கே கையெட்டுற தூரத்துல ஆகிப்போச்சு" என்கிறார்.

மாமியார் இப்போது வெற்றிலையில் சீவல், சுண்ணாம்போடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். சீவலும் நல்லதல்ல என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் யாரும் அவரிடம் இரண்டாம் முறை சொல்லத் துணியவில்லை. திட்டு கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவருகிறார்.

இந்தத் தடவை பெட்டியில் முளைத்த நாற்றில் இரண்டை மட்டும் நட்டிருக்கிறார் மருமகள். இடம் தோட்டத்தின் கடைக்கோடி, வலை கட்டிய வேலிக்கு அந்தப் பக்கம். ஒன்றின் நுனியைக் கிள்ளியாயிற்று. இன்னொன்றைப் பூக்கவிட்டு, பூங்கொத்தைத் துணிப்பையால் மூடியிருக்கிறார். தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் பயிர் என்பதால் ரகம் மாறாது. காய் பழுப்பு நிறமானதும் கொய்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்தால் சில வருடத்துக்கு விதை தாங்கும். ஒரு கொத்திலேயே ஊருக்குப் போதுமான விதை இருக்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கேட்டும் இன்னும் கொடுக்கவில்லை. வேப்பங்கொட்டை பொறுக்கிக் காயவைத்திருக்கிறார், கேட்பவர்களுக்கு அதில் ஒரு படி கொடுக்கிறார்.